பிரசவத்துக்குப் பின் தொய்ந்த வயிறு: வாசகியர் கேள்விகளும் பதில்களும்

வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் "வயிற்றுத் தோல் தொங்குகிறது, என்ன தடவலாம்?" என்ற ரகம். தடவுவதைப் பற்றிப் பிறகு பேசலாம். பிள்ளை பெற்ற வயிறு தொங்குவதற்குக் கருப்பை, தசை, கொழுப்பு, தோல் என்று நான்கு காரணங்கள் உண்டு. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்குப் பலிக்காது. உங்களுக்கு எது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சுகப்பிரசவமாகி மூன்று வாரம் ஆகிறது. வயிறு இன்னும் ஐந்து மாதக் கர்ப்பம் போல இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் "இன்னொண்ணு உள்ளே இருக்கா?" என்று கேட்கிறார்கள். — திண்டுக்கல் வாசகி

கேட்டுவிட்டுப் போகட்டும், விடுங்கள். பிரசவம் முடிந்த கையோடு கருப்பை ஏறக்குறைய ஒரு கிலோ எடையுடன் தொப்புள் மட்டத்தில் இருக்கும். அங்கிருந்து தினமும் ஒரு விரற்கடை அளவு இறங்கி, இரண்டு வாரத்தில் இடுப்பெலும்புக்குள் மறையும். பழைய அளவுக்குச் சுருங்க ஆறு வாரம் பிடிக்கும். உடம்பில் தேங்கிய நீர் வடியவும் நாளாகும். அதனால் ஆறு வாரம் முடியும்வரை வயிற்றின் அளவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

குறைந்துகொண்டே வந்த இரத்தப்போக்கு திடீரென்று கூடினால், ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுதாக நனைந்தால், நாற்றம், காய்ச்சல், அடிவயிற்று வலி இருந்தால் தாமதிக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

குழந்தைக்கு ஐந்து மாதம். எடை கிட்டத்தட்டப் பழையபடி வந்துவிட்டது. ஆனாலும் வயிறு மட்டும் தொங்குகிறது. இது தோலா, கொழுப்பா? எப்படித் தெரிந்துகொள்வது? — திருப்பூர் வாசகி

நின்றபடி தொப்புளுக்குக் கீழே தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். மெல்லிய மடிப்பாக, சுருங்கிய துணி மாதிரி வந்தால் அது தோல் தொய்வு. குனியும்போது தொப்புளைச் சுற்றிச் சுருக்கம் விழுவதும் அதன் அடையாளம்தான். மடிப்பு தடிமனாக, கையில் நிறைய வந்தால் கொழுப்பு. மடிப்பு மெல்லிசாகவே இருந்தும் நிற்கும்போது வயிறு முன்னால் தள்ளுகிறது, காலையில் தட்டையாக இருந்து சாயங்காலம் உப்பிக்கொள்கிறது என்றால் தசை விலகல் இருக்கலாம்.

வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக இரண்டு தசைப் பட்டைகள் ஓடுகின்றன. அவற்றை இணைக்கும் நடுச்சவ்வு கர்ப்பத்தில் இழுபட்டு அகலமாகிறது. பலருக்கு முதல் எட்டு வாரத்தில் தானாகவே பெருமளவு சேர்ந்துவிடும். சிலருக்கு அந்த இடைவெளி அப்படியே நின்றுவிடும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். சிசேரியன் ஆனவர்கள் ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் போதும்.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். விரல் நுனிகள் கால் பக்கம் பார்க்கும்படி, விரல்களைச் சேர்த்துத் தொப்புள் மேல் குறுக்காக வையுங்கள். தலையையும் தோளையும் மட்டும் சற்றே தூக்குங்கள். இரண்டு பக்கமும் தசையின் ஓரம் விரல்களை நெருக்குவது தெரியும். நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்று எண்ணுங்கள். தொப்புளுக்கு மேலே நான்கைந்து சென்டிமீட்டர், கீழே அதே அளவு தள்ளியும் பாருங்கள். இரண்டு விரல்வரை கவலையில்லை. அதற்கு மேல் இருந்தாலோ, விரல் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே அமிழ்ந்தாலோ தசை விலகல். இந்தச் சோதனையில் பலர் பாதி உடம்பைத் தூக்கிவிடுகிறார்கள். அப்போது தசை முழுதாக இறுகி, இடைவெளி இல்லாதது போலக் காட்டும்.

எனக்கு மூன்று விரல் இடைவெளி. யோகா வகுப்பில் நௌகாசனமும் உத்தானபாதாசனமும் செய்யச் சொல்கிறார்கள். செய்யும்போது வயிற்று நடுவில் கூம்பு மாதிரி எழும்புகிறது. தொடரலாமா? — கோவை வாசகி

அந்தக் கூம்பு எழும்பும் எந்தப் பயிற்சியையும் இப்போதைக்கு நிறுத்துங்கள். உள்ளிருந்து வரும் அழுத்தத்தை நடுச்சவ்வு தாங்கவில்லை என்பதைத்தான் அது காட்டுகிறது. சிட்-அப், கிரஞ்ச், இரண்டு காலையும் சேர்த்துத் தூக்குவது, முழு பிளாங்க் எல்லாம் இதே வகை. இவை என்றைக்கும் ஆகாது என்பதில்லை, பிறகு வரவேண்டியவை. வகுப்பில் உங்களுக்குத் தசை விலகல் இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

இந்தத் தசைகளுக்கு அடியில் பெல்ட் மாதிரி வயிற்றைச் சுற்றி ஒரு ஆழ்தசை இருக்கிறது. முதலில் அதைத்தான் எழுப்ப வேண்டும். மல்லாந்து முழங்கால் மடக்கிப் படுத்து, மூக்கால் மூச்சு இழுங்கள்; விலா இரண்டு பக்கமும் விரியட்டும். வாயால் மெதுவாக ஊதி விடும்போது, சிறுநீரை அடக்குவது போல அடிப்பகுதியை உள்ளிழுத்து, அடிவயிற்றை முதுகெலும்பை நோக்கி லேசாகக் கொண்டுபோங்கள். ஐந்து விநாடி அப்படியே பிடியுங்கள், மூச்சை மட்டும் அடக்காதீர்கள். பத்து முறை, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை. (சிறுநீர் போகும்போதே நடுவில் நிறுத்திப் பழகுவது வேண்டாம், பை முழுதாகக் காலியாகாது.) சரியாகச் செய்கிறீர்களா என்று பார்க்க, இடுப்பெலும்பின் முன்முனைக்குச் சற்று உள்ளே விரலை வையுங்கள். அங்கே மெல்ல இறுகுவது தெரிய வேண்டும். விரலை வெளியே தள்ளினால் முக்குகிறீர்கள் என்று பொருள்.

இரண்டு வாரம் இதில் கை பழகியபின், அதே மூச்சோடு ஒரு குதிகாலைத் தரையில் தேய்த்தபடி நீட்டி மடக்குங்கள், பக்கத்துக்குப் பத்து. பிறகு இடுப்பைத் தூக்கும் பாலப் பயிற்சி. ஒவ்வொரு கட்டத்திலும் நடுக்கோட்டைக் கவனியுங்கள். கூம்பு எழுந்தால் முந்தைய கட்டத்துக்குத் திரும்புங்கள்.

பயிற்சி பத்து நிமிடம்தான், மீதி நாள் முழுக்க என்ன செய்கிறீர்கள் என்பதுதான் பெரிய விஷயம். படுக்கையிலிருந்து நேராக எழாமல் ஒருக்களித்து, கையை ஊன்றி எழுங்கள். குழந்தையையோ குடத்தையோ தூக்கும்போது மூச்சை விட்டபடி தூக்குங்கள். மலச்சிக்கலோடு முக்கினால் காலையில் செய்த பயிற்சி வீண். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமில்லை, முதுகு வலிக்கிறது, இருமினால் சிறுநீர் கசிகிறது என்றால் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

மகளுக்கு சிசேரியன். நாங்கள் எல்லாம் வேட்டித் துணியால் வயிற்றை இறுக்கிக் கட்டித்தான் வயிறு உள்ளே போனது. அவள் கட்ட மாட்டேன் என்கிறாள். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றவும் விடுவதில்லை. — கும்பகோணத்திலிருந்து ஒரு தாய்

அம்மா, கட்டுவதில் நீங்கள் சொல்வது பாதி சரி. பச்சை உடம்புக்கு அது ஆதரவு தரும். முக்கியமாக சிசேரியன் ஆனவர்களுக்கு எழுந்து நடக்க, இரும, தும்ம வலி குறையும். ஆனால் வயிறு உள்ளே போவது கட்டினால் அல்ல, கருப்பை சுருங்குவதால். கட்டு தோலையும் இறுக்காது, கொழுப்பையும் கரைக்காது.

மருத்துவர் சம்மதித்தபின் கட்டலாம். மெல்லிய பருத்தித் துணி போதும். இடுப்பெலும்பிலிருந்து ஆரம்பித்து மேல் நோக்கிச் சுற்றுங்கள். கட்டிய பிறகு உள்ளே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும், ஆழமாக மூச்சு இழுக்க முடிய வேண்டும். மேலே மட்டும் இறுக்கினால் அழுத்தம் முழுவதும் கீழே இறங்கும். ஏற்கெனவே தளர்ந்திருக்கும் கருப்பையும் சிறுநீர்ப்பையும் இன்னும் இறங்க அதுவே வழி. நெஞ்செரிச்சலும் வரும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அவிழ்த்துவிடுங்கள். துணி தையலில் உரசக்கூடாது. வியர்வையில் நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

வெந்நீர் விஷயத்தில் மகள் பக்கம்தான் நியாயம். சிசேரியனில் தோலின் சிறு நரம்புகள் அறுபடுவதால் தழும்பைச் சுற்றிப் பல மாதம் மரத்துப்போயிருக்கும். அங்கே சூடு உறைக்காது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். உங்கள் முழங்கைக்கு இதமாக இருக்கும் சூடு போதும்.

வரிவரியாகத் தழும்பு. விளக்கெண்ணெய், ஆலிவ் எண்ணெய், பயோ ஆயில், கோகோ வெண்ணெய் இவற்றில் எது நல்லது? — சென்னை வாசகி

எது மலிவோ அது. சுருக்கமாகச் சொன்னால் தேங்காயெண்ணெயே போதும். எண்ணெய் தோலின் மேற்பரப்பில் ஈரம் காக்கும், அரிப்பைத் தணிக்கும். வரிகள் விழுவது அதற்குக் கீழேயுள்ள அடுக்கில், அங்கே தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் இழைகள் அறுந்திருக்கின்றன. கர்ப்பத்தில் தடவும் கிரீம்களும் எண்ணெய்களும் வரிகளைத் தடுக்கின்றனவா என்று 2012இல் காக்ரேன் அமைப்பு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. தடுப்பதற்கான ஆதாரம் கிடைக்கவில்லை.

சிவப்பாக, ஊதாவாக இருக்கும் புதிய வரிகள் ஓரளவு சிகிச்சைக்கு இணங்கும். வெள்ளையாகிவிட்டால் கடினம். வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ட்ரெட்டினாயின் கிரீம் புதிய வரிகளில் பலன் தரலாம். ஆனால் கர்ப்பத்தில் கூடாது, பால் கொடுக்கும் காலத்தில் பொதுவாகத் தவிர்க்கிறோம். லேசரோ, நுண்ணூசிகளால் தோலைக் குத்தும் மைக்ரோநீட்லிங்கோ செய்வதானால் நம் மாநிறத் தோலில் அனுபவமுள்ள தோல் மருத்துவரிடம் மட்டும் செய்யுங்கள். சூடு கூடினால் வரிக்குப் பதில் கறுப்புத் திட்டு நிற்கும். தொப்புளிலிருந்து கீழே இறங்கும் கறுப்புக் கோட்டுக்கு எதுவும் வேண்டாம், சில மாதங்களில் தானாக மங்கும்.

தொங்கும் மடிப்புக்கு அடியில் சிவந்து அரிக்கிறது, லேசாக நாற்றம். மருந்துக்கடையில் ஒரு கிரீம் கொடுத்தார்கள். தடவினால் இரண்டு நாளில் அடங்குகிறது, விட்டால் திரும்ப வருகிறது. — சேலம் வாசகி

அந்த டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்தது. அரிப்பை உடனே அடக்கும், அதற்குக் காரணமான பூஞ்சையைச் சாகடிக்காது. தோல் மடிப்பில் தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து புதிய வரிகளே விழும். தொய்ந்த தோலுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

தினம் இரண்டு வேளை மடிப்பைத் தூக்கிக் கழுவி, தேய்க்காமல் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். மின்விசிறிக் காற்றில் ஐந்து நிமிடம் உலரட்டும். ஸ்டீராய்டு கலக்காத, பூஞ்சையைக் கொல்லும் க்ளோட்ரிமசோல் ஒரு சதவீத கிரீமை மெல்லிசாக இரண்டு வேளை தடவுங்கள். அரிப்பு நின்ற பிறகும் முழுதாக இரண்டிலிருந்து நான்கு வாரம் போட வேண்டும். பலரும் நாலாம் நாளே நிறுத்திவிடுவதால்தான் திரும்புகிறது. மடிப்புக்கு நடுவே மெல்லிய பருத்தித் துணியை மடித்து வைக்கலாம். வாசனைப் பவுடர் வேண்டாம், வியர்வையில் கட்டியாகி உரசும். அடிக்கடி திரும்ப வந்தால் இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் கட்டாயம்.

இரண்டு மாதத்தில் தங்கை கல்யாணம். பால் கொடுக்கிறேன். அதற்குள் பத்து கிலோ குறைத்தால் தோலும் இறுகிவிடுமா? — நாகர்கோவில் வாசகி

நேர்மாறாக நடக்கும். வேகமாக மெலிந்தால் தோல் இன்னும் தொங்கும். வாரம் அரை கிலோவுக்கு மேல் வேண்டாம். முதல் ஆறு மாதம் பால் கொடுக்கும் தாய்க்குத் தினமும் 600 கலோரியும் 17 கிராம் புரதமும் கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரை. நம் வீடுகளில் பத்தியம் என்று காய், பழம், பருப்பைக் குறைத்துவிட்டு, கருப்பட்டியும் நெய்யும் சேர்த்த லேகியத்தை மட்டும் தாராளமாகக் கொடுப்பார்கள். கலோரி சேரும், புரதம் சேராது. முட்டை ஒன்றில் ஆறு கிராம், நூறு கிராம் மீனில் சுமார் இருபது கிராம் புரதம் உண்டு. உங்கள் ஊரில் பால்சுறாப் புட்டுக்குக் குறைவிருக்காது, நன்றாகச் சாப்பிடுங்கள். கல்யாணத்துக்குச் சேலையைக் கொஞ்சம் ஏற்றிக் கட்டினால் ஆயிற்று.

இரண்டு பிள்ளைகள், இரண்டாவதுக்கு மூன்று வயது. தோல் ஏப்ரன் மாதிரி தொங்குகிறது. டம்மி டக் செய்யலாமா, லைப்போசக்‌ஷன் போதுமா? — மதுரை வாசகி

லைப்போசக்‌ஷன் கொழுப்பை உறிஞ்சும், தோலை அல்ல. உங்களைப் போன்றவர்களுக்கு அது மட்டும் செய்தால் காற்று இறங்கிய பை போல இன்னும் தொங்கும். ரேடியோ அலைவரிசை, அல்ட்ராசவுண்ட் என்று விளம்பரமாகும் சிகிச்சைகள் லேசான தொய்வுக்கு ஓரளவு உதவலாம். ஏப்ரன் அளவுக்கு ஆகாது. பிள்ளைக்கு மூன்று வயதாகிவிட்டதால் உங்கள் தோல் இனி தானாகப் பெரிதாகச் சுருங்கவும் போவதில்லை. மிச்சத்தை எடுக்க வழி, தொங்கும் தோலை வெட்டி எடுத்துத் தைக்கும் டம்மி டக் அறுவை சிகிச்சைதான்.

அதற்கும் சில கணக்குகள் உண்டு. இனிக் குழந்தை வேண்டாம் என்ற முடிவு வேண்டும், அடுத்த கர்ப்பம் எல்லாவற்றையும் மறுபடி இழுத்துவிடும். எடை ஆறு மாதமாக ஒரே நிலையில் இருக்க வேண்டும். இரத்தச் சோகை, சர்க்கரை சரியாக இருக்க வேண்டும். தழும்பு ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புவரை நீளும்; சேலைக் கட்டுக்குள் மறையும், ஆனால் போகாது. விலகிய தசையையும் அப்போதே தைத்துச் சேர்க்கலாம், சேர்ப்பார்களா என்று முன்பே கேளுங்கள். நீர் கோத்தல், தையல் ஓரம் கறுத்தல், காலில் இரத்தம் உறைதல் ஆகியவை இதன் ஆபத்துகள். கனம் தூக்க ஆறு வாரத்துக்குக் குறையாமல் தடை. மூன்று வயதுப் பிள்ளை "தூக்கு" என்று வந்து நிற்கும் வீட்டில் இதுதான் கஷ்டமான பகுதி, ஆள் துணைக்கு ஏற்பாடு செய்துவிட்டு நாள் குறியுங்கள். அழகு சிகிச்சை என்பதால் காப்பீடு பெரும்பாலும் கிடைக்காது. பிளாஸ்டிக் சர்ஜரியில் பட்டம் பெற்றவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இருமினால் தொப்புள் நெல்லிக்காய் அளவு வெளியே வருகிறது, படுத்தால் உள்ளே போகிறது. தோல் தளர்ச்சியா? — தூத்துக்குடி வாசகி

குடலிறக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள். அதுவரை முக்குவதும் கனம் தூக்குவதும் வேண்டாம், நாணயம் வைத்துக் கட்டவும் வேண்டாம். வீக்கம் உள்ளே போகாமல் நின்று வலித்தால், நிறம் மாறினால், வாந்தி வந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அந்த நிலையில் எண்ணெய் தடவி அமுக்கி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள்.