காரின் அடியில் துரு: கறுப்புக் கோட்டிங் அடிப்பதற்கு முன்னால்

கேள்வி: என் காருக்கு ஆறு வயது. சர்வீஸுக்குத் தூக்கியபோது அடியில் வெல்டிங் ஓரங்களிலும் குறுக்குச் சட்டத்திலும் பழுப்பாகத் துரு தெரிந்தது. ரப்பர் கோட்டிங் அடித்துவிட்டால் போதும் என்கிறார்கள். அடிக்கலாமா, துருவை நானே எடுக்க முடியுமா?

துருவை எடுக்காமல் அதன் மேல் கோட்டிங் அடிக்கவே அடிக்காதீர்கள். அடித்த அன்றைக்கு எல்லாம் புதுசு மாதிரி கறுப்பாக இருக்கும், ஆனால் துருவின் மேல் எந்தக் கோட்டிங்கும் சரியாகப் பிடிக்காது. ஓரத்தில் எங்கேயாவது தூக்கிக்கொண்டதும் தண்ணீர் உள்ளே போகும், போன தண்ணீர் காய வழியில்லாமல் அங்கேயே தங்கும், தகடு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, அதுதான் இதில் பெரிய ஆபத்து.

சரி, நீங்களே எடுக்கலாமா? மேல்துருவாக இருந்தால் தாராளமாக எடுக்கலாம். விரலால் தேய்த்தால் பழுப்புத் தூளாக ஒட்டிக்கொண்டு, கம்பி பிரஷ் போட்டதும் கீழே கெட்டியான இரும்பு தெரிந்தால் அது மேல்துரு. பொருக்குப் பொருக்காக உரிகிறது, ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்தினால் அமுங்குகிறது என்றால் தகடே போய்விட்டது, வெல்டிங் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். பிரேக் பைப்பில் குழி விழுந்திருந்தால் தேய்த்துக்கொண்டிருக்காமல் பைப்பையே மாற்றுங்கள். சைலன்சரில் லேசான துரு சகஜம், அதை விட்டுவிடலாம்.

காரைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கால் தூக்கி, ஜாக் ஸ்டாண்டில் (தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் இரும்புத் தாங்கி) உட்காரவைத்த பிறகுதான் அடியில் போக வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூடப் படுக்காதீர்கள். கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம், ஏனென்றால் மல்லாந்து படுத்துத் தேய்க்கும்போது உதிர்கிற அத்தனையும் முகத்தில்தான் விழும்.

முதலில் சேறு, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் போகக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். அப்புறம் கம்பி பிரஷ், அதன்பின் 80 நம்பர் உப்புத்தாள், முடிவில் 120. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: துரு கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு நிற்பதில்லை, பெயிண்டுக்கு அடியிலும் ஊர்ந்து போயிருக்கும். பெயிண்ட் விளிம்பை நகத்தால் நெம்பிப் பாருங்கள், தூக்கிக்கொண்டு வந்தால் அடியில் பழுப்பு இருக்கும். பெயிண்ட் இறுக்கமாகப் பிடித்திருக்கிற இடம் வரும்வரை தேய்த்துக்கொண்டே போக வேண்டும். பாதி வேலை இதுதான், பொறுமை போவதும் இங்கேதான்.

வெல்டிங் மடிப்பிலும் சின்னக் குழிகளிலும் எவ்வளவு தேய்த்தாலும் கொஞ்சம் துரு மிஞ்சும். அங்கே ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவுங்கள். அதிலுள்ள டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ துருவோடு வினைபுரிந்து அதைக் கருமையான, எளிதில் மாறாத படலமாக்கும். அதற்கு வேலையே துருவோடுதான் என்பதால், பளபளவென்று இரும்பு தெரிகிற இடத்தில் தேவையில்லை. டப்பாவில் போட்டிருக்கிற நேரம் காய விடுங்கள், கழுவச் சொல்லியிருந்தால் கழுவுங்கள்.

தேய்த்து வெளியே வந்த இரும்பு ஈரக் காற்றில் சில மணி நேரத்திலேயே மறுபடி துருப்பிடிக்கும், அதனால் அன்றைக்கே தின்னரால் துடைத்து பிரைமர் அடித்துவிடுங்கள். என் தேர்வு எப்பாக்சி பிரைமர். ஜிங்க் (துத்தநாகம்) கலந்த பிரைமரும் நல்லதுதான், ஆனால் ஜிங்க் நேரடியாக இரும்பைத் தொட்டால்தான் அது காப்பாற்றும், கன்வெர்ட்டர் தடவிய இடத்தில் அதனால் பலன் இல்லை. தடிமனாக ஒரே தடவை அடிக்காமல் மெல்லிசாக இரண்டு கோட் கொடுத்து, அதன் மேல் சேஸிஸ் பெயிண்ட் (காரின் அடிச்சட்டத்துக்கான பெயிண்ட்). ரப்பர் கோட்டிங் வேண்டுமானால் இப்போது அடிக்கலாம். சைலன்சர், பிரேக் டிஸ்க், ரப்பர் புஷ், சென்சார் இவற்றையெல்லாம் மூடிவிட்டு அடியுங்கள். கதவுக்குக் கீழே உள்ள சட்டத்தில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும், அவை கோட்டிங்கால் அடைபட்டால் சட்டம் உள்ளிருந்தே அரிக்கும். அந்தச் சட்டங்களுக்கு உள்ளே பெயிண்ட் எட்டாது, நீண்ட குழாய் வைத்து மெழுகு வகை ஸ்ப்ரே அடிப்பதே நல்லது.

இனி வராமல் இருக்க முக்கியமாக உப்பைக் கவனியுங்கள். கடலோரத்திலோ, பனிக்காக உப்புத் தூவிய சாலையிலோ ஓடிய கார் என்றால் சீக்கிரமே அடியை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும், உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பின் மேலேயே வைத்துக்கொள்ளும். சக்கர வளைவுக்குள் அப்பிய சேறும் நாள்கணக்கில் ஈரமாக இருக்கும், அதைக் கையை விட்டு வழித்துவிடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை டார்ச் அடித்து அடியைப் பாருங்கள், கல் பட்டுப் பெயிண்ட் தெறித்த இடம் இருந்தால் அதை மட்டும் தேய்த்து பிரைமரும் பெயிண்டும் வைத்தால் போதும். மெழுகு ஸ்ப்ரேயையும் அப்போதே புதுப்பித்துவிடலாம்.