கம்பி அறுந்தால் மோட்டார் நிற்குமா? – வாசகர் கேள்வி பதில்

டொங்காட் வாசகர்: கீழேயுள்ள மழைநீர்த் தொட்டியிலிருந்து 1,000 லிட்டர் மேல்தொட்டிக்கு 0.75 கிலோவாட் பம்ப் வைத்திருக்கிறேன். நீர்மட்டம் அறிய இரண்டு எஃகுக் கம்பிகள், 10 ஆம்பியர் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), சிறு மைக்ரோகண்ட்ரோலர். மூன்று மாதத்தில் ஒரு கம்பி கறுத்து அரித்துவிட்டது. நல்ல மழைக்குப் பிறகு தொட்டி நிறைந்தும் மோட்டார் நிற்பதில்லை. ரிலே இரண்டு முறை ஒட்டிக்கொண்டது. எங்கே தவறு?

தவறு ஒன்றல்ல, மூன்று.

கம்பிகளுக்கு இடைவிடாமல் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) கொடுத்திருக்கிறீர்கள். நேர்முனைக் கம்பி கரையும், எதிர்முனையில் சுண்ணாம்பு படியும். 316 ரக எஃகு போட்டாலும் சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான். இரு கம்பிகளையும் மைக்ரோகண்ட்ரோலரின் தனித்தனி பின்களில் இணையுங்கள். ஒன்றுக்கு மட்டும் தொடரில் 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். ஒரு மில்லி விநாடிக்கு முதலாவது பின்னில் உயர் வோல்ட்டேஜ், இரண்டாவதில் தாழ்வு. அப்போது அளவெடுக்க வேண்டும். அடுத்த மில்லி விநாடி நேர்மாறாக. பிறகு ஒரு விநாடி இரண்டும் தாழ்வில் ஓய்வு. இரு திசையிலும் ஓடும் மின்னூட்டம் சமமானால் அரிப்பு ஏறக்குறைய நின்றுவிடும்.

மழைக்குப் பிறகு நிற்காததற்குக் காரணம் நீர்தான். மழைநீரில் கரைந்த உப்பு மிகக் குறைவு. குழாய்நீரைவிட மின்தடை பல மடங்கு கூடுதல். நீர் இருக்கிறது என்று கொள்ளும் மின்தடை எல்லையைக் குழாய்நீரை வைத்துக் குறித்திருப்பீர்கள். கருவி மழைநீரைக் காற்று என்று எண்ணிவிடுகிறது. பெருமழைக்குப் பின் பிடித்த நீரில் வைத்து எல்லையைத் திருத்துங்கள்.

ஆனால் இதையெல்லாம் சரிசெய்தாலும் பெரிய குறை ஒன்று மிஞ்சும். மேல்கம்பியின் ஒயர் அறுந்தால் உங்கள் கருவிக்கு அது "இன்னும் நிறையவில்லை" என்றே தெரியும், தொட்டி வழிந்துகொண்டேயிருக்கும். ஆகவே உச்சத்தில் ஒரு மிதவை சுவிட்சும் வையுங்கள். காலியாயிருக்கும்போது மூடியிருந்து, நிறைந்ததும் திறக்கும் வகையாக அது இருக்கட்டும். அதைக் காண்டாக்டர் (மோட்டாரை இயக்கும் பெரிய ரிலே, கீழே சொல்கிறேன்) காயிலோடு தொடரில் போட்டால் மிதவையின் ஒயர் அறுந்தாலும் மோட்டார் நிற்கும். கூடவே ஒரு நேரக் காவலும் வேண்டும். பம்ப் நிமிடத்துக்கு 40 லிட்டர் தள்ளினால் தொட்டி 25 நிமிடத்தில் நிறைய வேண்டும். 35 நிமிடம் தாண்டினால் நிறுத்திப் பூட்டிவிடுங்கள். கீழ்த்தொட்டி வற்றி மோட்டார் வெறுமனே ஓடினாலும் இது அதை முடிவில்லாமல் ஓடவிடாது.

ரிலே ஒட்டுவது தொடக்க மின்னோட்டத்தால். அந்த மோட்டார் ஓடும்போது 5 ஆம்பியர் அளவில்தான் எடுக்கும், கிளம்பும் நொடியில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். ரிலேயில் அச்சிட்ட 10 ஆம்பியர் ஹீட்டர் போன்ற சுமைக்கானது. ரிலே காண்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கட்டும். மோட்டாரை ஏசி-3 வகையில் (மோட்டார் சுமைக்கான தரம்) 9 ஆம்பியர் காண்டாக்டர் இயக்கட்டும். காயில் அணையும்போது எழும் மின்துள்ளலை அடக்க, அதன் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்-2 கெப்பாசிட்டரும் தொடரில் போடுங்கள். லோட்ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) முடிந்து கரண்ட் வந்ததும் ஊரே ஒன்றாகக் கிளம்பும். உங்கள் மோட்டார் மூன்று நிமிடம் பொறுத்துக் கிளம்பட்டும்.

லெனேசியா வாசகர்: கீசருக்கு டிஎஸ்18பி20 வெப்பநிலைச் சென்சார் வைத்தேன். திடீரென்று சரியாக 85 டிகிரி என்று காட்டுகிறது. சென்சார் போலியா?

போலியாகவும் இருக்கலாம், ஆனால் முதலில் கரண்டைப் பாருங்கள். அந்தச் சிப்புக்குக் கரண்ட் வந்தவுடன் அதன் பதிவில் நிற்கும் எண்ணே 85. 12 பிட் அளவீட்டுக்கு 750 மில்லி விநாடி வரை வேண்டும். அதற்குள் படித்தாலும், ரிலே இழுக்கும்போது வோல்ட்டேஜ் சரிந்து சிப் மறுபடி தொடங்கினாலும் 85தான் வரும். சென்சார் அருகிலேயே 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர், டேட்டா ஒயருக்கு 4.7 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர் (டேட்டா ஒயருக்கும் சப்ளைக்கும் இடையில்) போடுங்கள்.

இதைவிட ஆபத்தானது வேறொரு எண். ஒயர் கழன்றால் பரவலாகப் பயன்படும் ஆர்டுயினோ நிரல்தொகுப்பு -127 என்று தரும். "60-க்குக் கீழே என்றால் சூடேற்றும் எலிமென்ட்டை ஓட்டு" என்று எழுதிய நிரல் அப்போது நிறுத்தாமல் ஓட்டும். 0-க்குக் கீழும் 90-க்கு மேலும் எது வந்தாலும் அணைத்துவிடுங்கள். கீசரின் சொந்தத் தெர்மோஸ்டாட்டையும் அதிவெப்பத் துண்டிப்பையும் ஒருபோதும் கழற்றாதீர்கள். உங்கள் கருவி அவற்றுக்கு முன்னால் தொடரில் மட்டுமே நிற்க வேண்டும். 150 லிட்டர், 3 கிலோவாட் கீசர் 20-லிருந்து 60 டிகிரிக்கு ஏற 2 மணி 20 நிமிடம் ஆகும். டைமரை அதற்கேற்ப வையுங்கள்.

சாட்ஸ்வொர்த் வாசகர்: நான் செய்த கருவியை மாட்டினால் சில நாட்களில் எர்த் லீக்கேஜ் (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது. கருவி தனியாக இருந்தால் விழுவதில்லை.

எர்த் லீக்கேஜ் பார்ப்பது லைவில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்பதை மட்டுமே. இரு ஒயர்களும் ஒரே இரும்பு வளையத்துக்குள் செல்கின்றன. வித்தியாசம் வந்தால் வளையம் அதை உணரும். தென்னாப்பிரிக்காவில் வீடுகளில் 30 மில்லி ஆம்பியர் வகைதான் விதி. அது 15-லிருந்து 30-க்குள் எங்கு வேண்டுமானாலும் விழலாம். உங்கள் கருவியின் பவர் சப்ளை வடிகட்டி ஒரு மில்லி ஆம்பியர் அளவில் எர்த்துக்குக் கசியவிடும். அது தவறல்ல. வீட்டில் ஏற்கெனவே கணினி, வாஷிங் மெஷின், ஈரம் ஏறிய கீசர் எலிமென்ட் எல்லாம் சேர்ந்து 14 அளவில் நின்றால் உங்களுடையது கடைசித் துளி. பெரும்பாலும் குற்றவாளி எலிமென்ட்தான். டிபி போர்டில் மெயினை அணைத்து, எலிமென்ட்டின் ஒயர்களைக் கழற்றி, எர்த்துக்கு 500 வோல்ட் மெக்கரில் (மின்காப்பை அளக்கும் கருவி) அளக்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே என்றால் மாற்ற வேண்டியதுதான். இது பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன் செய்யவேண்டிய வேலை. எர்த் லீக்கேஜை பைபாஸ் செய்து கருவியை ஓட்டிப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது; தயவுசெய்து வேண்டாம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: நீர்மட்டக் கட்டுப்பாட்டுக் கருவிக்குக் காப்புரிமை எடுக்க முடியுமா? தண்ணீரைக் கம்பியால் உணர்வது பழைய விஷயம் என்கிறார்கள்.

பழைய விஷயத்திலும் புதிய வழிக்கு உரிமை உண்டு. முந்தைய பதிலில் சொன்ன எர்த் லீக்கேஜே இந்த நாட்டில் பிறந்த நல்ல உதாரணம். வளையத்தால் கசிவறிவது பொறியாளர் ஹென்றி ரூபினுக்கு முன்பே இருந்தது, ஆனால் ஏறக்குறைய 10 ஆம்பியர் கசிந்தால்தான் விழும். 1955-இல் தங்கச் சுரங்கங்களுக்காக அவர் அதை 250 மில்லி ஆம்பியருக்குக் கொண்டுவந்தார். 1956-இல் காந்த ஆம்ப்ளிஃபயர் வழியில் 12.5–17.5 மில்லி ஆம்பியரில் விழும் மாதிரியைச் செய்தார்; தென்னாப்பிரிக்கக் காப்புரிமை எண் 2268/56 அதற்குத்தான். ஸ்டில்ஃபோன்டைன் சுரங்கக் குடியிருப்பில் ஒரு பெண் மின்சாரம் தாக்கி இறந்த பிறகு, 1957–58-இல் அங்கே சில நூறு வீடுகளில் 20 மில்லி ஆம்பியர் கருவிகள் மாட்டப்பட்டன.

ஆகவே "தண்ணீரை உணரும் கருவி" என்று கோராதீர்கள். எந்தத் துடிப்பு, எந்த வரிசை, ஒயர் அறுந்தால் என்ன செய்கிறது என்பதைக் கோருங்கள். வெறும் கணினி நிரலுக்கு 1978-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் உரிமை தராது. நிரல், உணரி, ரிலே மூன்றும் சேர்ந்த அமைப்பாக எழுதுங்கள். முதலில் எஸ்பாஸ்நெட்டில் (காப்புரிமைகளைத் தேடும் இணையதளம்) பொறுமையாகத் தேடுங்கள். தற்காலிக விண்ணப்பத்தைப் பி1, பி6 படிவங்களோடு நீங்களே சி.ஐ.பி.சி.யில் (இந்நாட்டுக் காப்புரிமை அலுவலகம்) தாக்கல் செய்யலாம். 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் போட வேண்டும், அதற்குக் காப்புரிமை வழக்கறிஞர் கட்டாயம். வெளிநாட்டு உரிமைக்கான பி.சி.டி. (பன்னாட்டுக் காப்புரிமை ஒப்பந்தம்) விண்ணப்பத்துக்கும் அதே 12 மாதம்தான். உரிமை 20 ஆண்டு; மூன்றாம் ஆண்டு முடிவிலிருந்து ஆண்டுதோறும் கட்டணம். சான்றிதழ் கையில் வந்ததை வைத்துப் புதுமை உறுதியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். இங்கே அலுவலகம் பெரும்பாலும் படிவங்களைத்தான் சரிபார்க்கிறது, சோதனை நீதிமன்றத்தில்தான் வரும்.

தாக்கலுக்கு முன் வாட்ஸ்அப்பில் படம் போடுவது, கோயில் விழா ஸ்டாலில் காட்டுவது எல்லாம் புதுமையைக் கெடுக்கும். உங்கள் சொந்தத் தொட்டியில் வைத்து நியாயமான அளவில் சோதித்துப் பார்ப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. பக்கத்து வீட்டுக்கு விற்பது சோதனை ஆகாது.