பெரிய நாளிதழில் ஒரு மதிப்புரை வந்தால் புதுக் கலைஞருக்கு ஏன் திடீர் கவனம் கிடைக்கிறது?

மதிப்புரை என்பது, ஒரு கச்சேரியையோ ஓவியக் காட்சியையோ நேரில் பார்த்த, அல்லது ஒரு நூலைப் படித்த விமர்சகர், அது எப்படி இருந்தது என்று பத்திரிகையில் எழுதும் கருத்து. அதற்குக் கலைஞர் காசு கொடுப்பதில்லை. மதிப்பே அதனால்தான்.

புதியவரை நம்பிப் பணம் போடப் பதிப்பகமும் இசை நிறுவனமும் தயங்கும். தினம் பத்துப் பேரைப் பார்க்கும் விமர்சகர் ஒருவரை மட்டும் சுட்டிக் காட்டினால் தயக்கம் குறைகிறது. வெளியூரில் வாடகைக்கு வீடு தேடும்போது, உள்ளூர்க்காரர் ஒருவர் "நமக்குத் தெரிஞ்ச பையன்தான்" என்று சொல்வது மாதிரி.

அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1961 செப்டம்பரில் அவருக்கு வயது 20. நியூயார்க்கின் கெர்டிஸ் ஃபோக் சிட்டி என்ற இசை விடுதியில் வேறொரு குழுவின் கச்சேரிக்கு முன்னதாகப் பாடிக்கொண்டிருந்தார். தி நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் ராபர்ட் ஷெல்டன், முக்கியக் குழுவைப் பின்னுக்குத் தள்ளி, இந்தப் பையனைத் தலைப்பிலேயே வைத்து எழுதினார். செப்டம்பர் 29 இதழில் படத்தோடு வந்தது. இத்தனைக்கும் டிலன் அப்போது ஒரு தனி இசைத்தட்டுகூட வெளியிட்டதில்லை! அடுத்த மாதமே கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம். நிறுவனத்தின் தயாரிப்பாளர் ஜான் ஹேமண்டுக்கு அவர்மேல் ஏற்கெனவே ஒரு கண் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பேப்பரில் பெயர் வந்தால் விற்பனையும் பிய்த்துக்கொண்டு போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, 1962இல் வந்த டிலனின் முதல் இசைத்தட்டு முதல் வருடத்தில் சுமார் 5,000 பிரதிகள்தான் விற்றது.