கொடிமலை ஏறி இறங்கினேன், எடை கூடிவிட்டது: பயிற்றுநர் சொல்லும் தேநீரைக் குடிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 44. பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. இரத்த அழுத்தத்துக்கும் கொலஸ்டிராலுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். வேலையிடத்தில் எடைக் குறைப்புப் போட்டி நடக்கிறது. அதற்காக இரண்டு வாரமாகச் சோற்றைக் குறைத்தேன். போன ஞாயிறு பினாங்குத் தாவரவியல் பூங்காவிலிருந்து ஜீப் பாதை வழியாகக் கொடிமலை உச்சிக்கு ஏறி, அதே பாதையில் நடந்தே இறங்கினேன். ஞாயிறு காலை வீட்டில் 71.4 கிலோ. செவ்வாய் மதியம் தொழிற்சாலைத் தராசில் 73.2. தொடை இன்னும் வலிக்கிறது, மோதிரம் இறுக்குகிறது. ஜிம் பயிற்றுநர், உடம்பில் நச்சுநீர் தேங்கிவிட்டது என்று 180 வெள்ளிக்கு மூலிகைத் தேநீர் வாங்கச் சொல்கிறார். 50 வெள்ளி முன்பணமும் கொடுத்துவிட்டேன். குடிக்கலாமா? மலை ஏறியது வீண்தானா? (வாசகி, கெலுகோர்)

பதில்: குடிக்காதீர்கள். மலை ஏறியது வீணும் இல்லை.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் சேர, செலவானது போக ஏறக்குறைய 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். 1.8 கிலோவுக்குக் கிட்டத்தட்ட 13,900. ஒரு ரொட்டி சானாய் 300 கலோரி என்று வைத்துக்கொண்டால், ஞாயிறுக்கும் செவ்வாய்க்கும் நடுவில், வழக்கமாகச் சாப்பிடுவதற்கு மேலே, நாற்பத்தாறு ரொட்டி சானாய் உள்ளே போயிருக்க வேண்டும். போகவில்லை அல்லவா? அப்படியானால் அது கொழுப்பு இல்லை. பெரும்பகுதி தண்ணீர், மிச்சம் உங்கள் சீருடை, காலணி, மதியச் சாப்பாடு. வெறும் வயிற்றில் வீட்டுத் தராசில் பார்த்ததையும், சாப்பிட்ட பிறகு வேறொரு தராசில் பார்த்ததையும் பக்கத்தில் வைத்துக் கவலைப்படுவதே முதல் தப்பு. ஆனால் அந்தத் தப்பு உங்களுடையது இல்லை, போட்டி வைத்தவர்களுடையது.

சரி, தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது சுலபமாக இருக்கும், ஆனால் தசைக்கு அடி விழுவது இறக்கத்தில்தான். அந்த ஜீப் பாதை ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, சில இடங்களில் நல்ல செங்குத்து, தார் போட்டது. இறங்கும்போது ஒவ்வோர் அடிக்கும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. பழக்கமில்லாத தசையில் அப்படிச் செய்தால் இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் விழும், அதைச் சரிசெய்ய உடம்பு அங்கே நீரையும் வெள்ளை அணுக்களையும் அனுப்பும், அதுதான் வீக்கம், அதுதான் வலி. அந்த வலி உச்சத்துக்குப் போவது ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள், அதாவது சரியாக உங்கள் செவ்வாய்க்கிழமை. அடுத்த முறை ஏறிவிட்டு மலை ரயிலில் இறங்குங்கள். ரயில் ஆயர் ஈத்தாமில் கொண்டுபோய் விடும், காரோ பூங்கா வாசலில் நிற்கும் என்பதற்காகவே பலரும் நடந்து இறங்குகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். கிராப் வாடகைக்கார் பிடித்துக்கொள்ளுங்கள், முட்டி நன்றி சொல்லும்.

இன்னொரு பங்கு, நீங்கள் குறைத்த சோறு. மாவுச்சத்தைத் தசையும் கல்லீரலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கின்றன. ஒரு கிராம் கிளைக்கோஜன் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்து வைக்கும், ஊறின அரிசி மாதிரி. இரண்டு வாரம் சோற்றைக் குறைத்ததில் அந்தச் சேமிப்பு வற்றியிருக்கும், ஞாயிறு காலை 71.4 காட்டியதில் ஒரு பகுதி அப்படிப் போன தண்ணீர்தான் (இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை). மலையிலிருந்து இறங்கின பசியில் நாசி கண்டார் கடைக்குப் போகாதவர் பினாங்கில் யார்? தசை அந்தச் சோற்றை வாங்கி நிரப்பிக்கொண்டது, தண்ணீரும் கூடவே வந்தது. குழம்பில் இருந்த உப்பு தன் பங்குக்குக் கொஞ்சம் பிடித்து வைத்தது. வேர்த்து ஊற்றின உடம்பு, இனி உப்பையும் நீரையும் வீணாக்காதே என்று சிறுநீரகத்துக்கு ஹார்மோன் வழியாகச் சொல்லிவிடும், அதனால் ஓரிரு நாள் சிறுநீரகம் கஞ்சத்தனமாக நடந்துகொள்ளும். வெயிலில் கடுமையாக உழைத்த அடுத்த ஓரிரு நாளில் இரத்தத்தின் நீர்ப்பகுதியும் கூடும், அது உடம்பு அடுத்த ஏற்றத்துக்குத் தயாராவதன் அடையாளம், நல்ல விஷயம். மாதவிடாய் நெருங்கும் வாரமாக இருந்தால் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

நாலைந்து நாளில் பெரும்பாலும் இறங்கிவிடும், சிலருக்கு ஒரு வாரம் ஆகும். தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள், தாகத்துக்குக் குடியுங்கள், உப்பை அடக்குங்கள், மெதுவாக நடங்கள், தூங்குங்கள். எடையைக் காலையில், கழிவறை போய்வந்து, வெறும் வயிற்றில், அதே தராசில் பாருங்கள், ஒரு நாள் எண்ணை விட்டுவிட்டு வாரத்தின் சராசரியை எடுங்கள். போட்டிக்கு எடை பார்க்கிற வாரத்தில் மலைக்குப் போகாதீர்கள், அவ்வளவுதான்.

இந்த எடைப் போட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியவில்லை. மனிதவளத் துறைக்கு ஆண்டறிக்கையில் போட ஒரு புகைப்படம் வேண்டும், அதற்காக நாற்பது பேரை வரிசையில் நிறுத்தி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, காலணியோடு எடை போடுகிறார்கள். ஜெயிக்கிறவர் பெரும்பாலும் முதல்நாள் பட்டினி கிடந்தவர், இல்லையென்றால் இளைஞர் பூங்காவில் இந்த வெயிலில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஓடி ஒரு லிட்டர் வேர்வையை வடித்தவர். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ, பரிசு அவருக்கு. மறுநாள் தண்ணீர் குடித்ததும் திரும்பி வருகிற அந்த ஒரு கிலோவை யாரும் எடை போடுவதில்லை.

இனி அந்தத் தேநீர். 'நச்சுநீர்' என்று உடம்பில் ஒன்று இல்லை. கழிவை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன, அவற்றுக்கு 180 வெள்ளி கட்டணம் கிடையாது. இந்த வகைத் தேநீரில் வழக்கமாக இருப்பது நிலாவாரை, அதாவது பேதிக்குக் கொடுப்பது. நான்கு முறை கழிவறைக்குப் போனால் தராசு இறங்கும்தான், போனது தண்ணீரும் பொட்டாசியமும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிற உங்களுக்கு அது விளையாட்டு இல்லை. சில பொட்டலங்களில் சொல்லாமல் கலக்கிற சிபுட்ராமின் இன்னும் மோசம். பசியை அடக்கும் அந்த மருந்து, மாரடைப்பு, பக்கவாத ஆபத்துக்காக 2010-இல் பல நாடுகளில் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. 'சாப்பிட்டதும் பசியே எடுக்கல அக்கா, படபடன்னு இருக்கு, மருந்து வேலை செய்யுது' என்று ஏஜெண்டு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினால், அந்தப் படபடப்பே எச்சரிக்கை.

மருந்து, பாரம்பரிய மருந்து எதுவானாலும் மலேசியாவில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்க வேண்டும். எண் இருந்தால் மட்டும் போதாது, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ. இணையத்தளத்தில் அதைத் தட்டிப் பாருங்கள், வருகிற பெயரும் பொட்டலத்துப் பெயரும் ஒன்றா என்று பாருங்கள், வேறொரு இருமல் மருந்தின் எண்ணைத் திருடி ஒட்டுகிறவர்கள் உண்டு. 'இது மருந்து இல்லை, சாப்பாட்டுப் பொருள், எண் தேவையில்லை' என்பார்கள். சரி, சாப்பாட்டுப் பொருள் என்றால் நச்சை எடுக்கும், வீக்கத்தைக் குறைக்கும் என்று சொல்லி விற்க முடியாது. இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள்.

இதைவிட எனக்குக் கோபம் வருவது வலிக்கான ஜாமுவில், அதாவது மூலிகை மருந்து என்று விற்கிற சரக்கில். தொடை வலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், இந்நேரம் யாராவது ஒருவர் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கின பழுப்பு நிறக் கேப்ஸ்யூல்களை, பெயரில்லாத பிளாஸ்டிக் பையில், 'ரெண்டே நாள்ல எழுந்து ஓடலாம்' என்று நீட்டியிருப்பார். ஓடலாம்தான். ஏனென்றால் அப்படிப்பட்ட சரக்குகளில் டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. வலி பறந்துவிடும், பசி கூடும், உப்பும் நீரும் தேங்கும், முகம் வட்டமாகும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும். அப்புறம் அந்த வீக்கத்துக்கு இன்னொரு ஏஜெண்டு தேநீரோடு வருவார். மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை நிறுத்தியிருக்கும், பையோடு மருத்துவரிடம் போங்கள்.

ஜிம்மில் வெறுங்காலோடு நின்று இரண்டு கைப்பிடியைப் பிடிக்கிற இயந்திரத்தையும் நம்பிவிடாதீர்கள். அது கொழுப்பை நேராக அளப்பதில்லை, லேசான மின்சாரத்தை அனுப்பி உடம்பின் தண்ணீரைக் கணித்து, மிச்சத்தைச் சூத்திரத்தால் ஊகிக்கிறது. தண்ணீர் கூடியிருக்கிற நாளில் நின்றால் தசை வளர்ந்ததாகவும், வற்றியிருக்கிற நாளில் நின்றால் கொழுப்பு கூடியதாகவும் தாள் வரும், இரண்டுக்கும் விற்க ஒரு பேக்கேஜ் அவர்களிடம் இருக்கும். உணவியலாளராகவோ இயன்மருத்துவராகவோ தொழில் செய்ய 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். ஜிம் பயிற்றுநருக்கு ஒரு டி-சட்டை போதும்.

இனி உங்களிடம் நான் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, கொலஸ்டிரால் மாத்திரை சாப்பிடுவதால் இன்னும் அழுத்தி. மிக அரிதாக, பழக்கமில்லாத கடும் பயிற்சியில் தசை கிழிவதோடு நிற்காமல் உடைந்தே போகும், உள்ளிருக்கிற மயோகுளோபின் என்ற தசைப் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். முதல் முறை சைக்கிள் வகுப்புக்குப் போய் வெறிபிடித்தாற்போல் மிதித்தவர்களுக்கு இது நடக்கிறது. கொலஸ்டிராலுக்குக் கொடுக்கிற ஸ்டாட்டின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் (அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது இதயத்தைக் காக்கிறது). அடையாளம் சிறுநீரின் நிறம். அடர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை, இரண்டு மூன்று குவளை குடித்தால் சில மணி நேரத்தில் வெளுக்கும். பளபளவென்று பச்சை கலந்த மஞ்சள் என்றால் நீங்கள் சாப்பிட்ட பி வைட்டமின். ஆனால் பால் சேர்க்காத தே-ஓ நிறத்தில், கோலா நிறத்தில் வந்தால் அது வேறு கதை. கழிவறைக் கிண்ணத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தண்ணீர் கலந்து வெளிறிவிடும், தெளிவான பிளாஸ்டிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் மாறாமலேயே தொடை கல்லாக இறுகி, கையை வைக்க முடியாத வலி நாளுக்கு நாள் கூடினாலும், கால் வலுவிழந்தாலும், சிறுநீர் குறைந்தாலும் அதே சந்தேகம்தான். சாதாரண வலி மூன்றாம் நாளுக்குப் பிறகு குறையும், இது குறையாது.

அப்படியென்றால் தெருமுனைக் கிளினிக்குக்குப் போய் வலிக்கு ஒரு ஊசி போட்டுக்கொண்டு வராதீர்கள். நம் ஊரில் எந்த வலிக்கும் ஊசி கேட்பதும், கேட்டால் போடுவதும் பழக்கமாகிவிட்டது. அந்த ஊசி பெரும்பாலும் டைக்குளோஃபெனாக் வகை, அடிபட்டு நிற்கிற சிறுநீரகத்துக்கு அது இன்னோர் அடி. நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய், எந்தத் தேதியில் மலை ஏறினீர்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லி, இரத்தத்தில் 'சி.கே.' (தசை உடைந்தால் கூடுகிற நொதி) பார்க்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். கேட்கத் தயங்காதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் மாதக்கணக்கில் காத்திருந்து போனால் மருத்துவருக்கு உங்களோடு பேசக் கிடைப்பது சில நிமிடம், அதில் மாத்திரைச் சீட்டைப் புதுப்பிக்கவே நேரம் போய்விடுகிறது, ஜாமு சாப்பிடுகிறீர்களா, மலை ஏறுகிறீர்களா என்று யார் கேட்கப் போகிறார்கள்?

நிறம் சரியாக இருக்கிறது, வலி குறைந்துகொண்டு வருகிறது என்றால் இதை மறந்துவிடுங்கள். ஒரு வாரம் தாண்டியும் எடை ஏறிக்கொண்டே போனாலோ, கணுக்காலை அழுத்தினால் குழி விழுந்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, ஒரே காலின் ஆடுசதை மட்டும் வீங்கினாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். இரத்த அழுத்த மாத்திரை அம்லோடிப்பினாக இருந்தால் கணுக்கால் வீக்கம் அதனாலும் வரும், அடுத்த முறை போகும்போது கேளுங்கள்.

முன்பணம் 50 வெள்ளி: பயிற்றுநரிடம் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள், வாட்ஸ்அப் போதும். அவர் அனுப்பின படங்களையும் குரல் பதிவுகளையும் அழித்துவிடாதீர்கள். தராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம், கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை. படிவம் புரியவில்லை என்றால் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தில் கேளுங்கள், தமிழிலேயே பேசலாம். பொட்டலம் ஏற்கெனவே கைக்கு வந்திருந்தால் பிரிக்காமல், குப்பையிலும் போடாமல், சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவில் கொண்டுபோய்க் கொடுங்கள்.