பீடிக் கம்பெனியை அரசாங்கம் எடுத்துக்கொண்டால் அது சோசலிசமா?

சீனாவிலும் வியட்நாமிலும் ஆள்வது கம்யூனிஸ்ட் கட்சி. ஆனால் தொழிலும் வியாபாரமும் பெரும்பாலும் சந்தையின் போக்கில் நடக்கின்றன. இதைச் சோசலிசம் என்று சொல்லலாமா என்பதுதான் இந்த வாரக் கேள்வி. பாளையங்கோட்டையில் பொருளாதாரம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான், தொழிற்சங்கத்திலும் கொஞ்ச காலம் இருந்தேன். அந்தப் பழக்கத்தில் பதில் சொல்கிறேன்.

மேலப்பாளையம், கல்லூரி மாணவர்: சீனா சோசலிச நாடா சார்? ஒரே வார்த்தையில் சொல்லுங்க.

இல்லை.

ஆனால் தம்பி, பரீட்சையில் இதை மட்டும் எழுதினால் நானே மார்க் போட மாட்டேன். அவர்கள் தரப்பையும் எழுத வேண்டும். "நாங்கள் சோசலிசத்தின் தொடக்கக் கட்டத்தில் இருக்கிறோம், இது நூறு வருடமாவது நீடிக்கும்" என்று 1987ஆம் ஆண்டு கட்சி மாநாட்டிலேயே சொல்லிவிட்டார்கள். 1992இல் அதற்கு 'சோசலிசச் சந்தைப் பொருளாதாரம்' என்று பெயரும் வைத்தார்கள். முதலில் உற்பத்தியைப் பெருக்குவோம், பங்கிடுவது பிறகு என்பது வாதம். வறுமையைப் பங்கிட்டால் வறுமைதான் மிஞ்சும் என்பதால் இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஆனால் நூறு வருடத் தவணை கேட்கிற கடன்காரரிடம் நடுவில் கணக்குக் கேட்கக் கூடாதா?

சேரன்மகாதேவி, விவசாயி: அங்கே நிலத்தைத் தனியாருக்கு எழுத முடியாதாமே. அப்போ சோசலிசம்தானே?

முடியாதுதான். நகரத்து நிலம் அரசுக்குச் சொந்தம், கிராமத்து நிலம் கூட்டுச் சொத்து. வீட்டு மனைக்கு 70 வருட உபயோக உரிமை மட்டும் கிடைக்கும்.

இந்த மாற்றம் தொடங்கிய கதையே உங்களைப் போன்ற விவசாயிகளின் கதைதான். 1978இல் அன்ஹுய் மாகாணத்து சியாவோகாங் கிராமத்தில் 18 விவசாயிகள் ரகசியமாகக் கைநாட்டு வைத்து, கூட்டுப் பண்ணை நிலத்தை வீட்டுக்கு வீடு பிரித்துக்கொண்டார்கள். அரசுக்குரியதை அளந்துவிட்டு மிச்சத்தை அவரவர் வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. பிடிபட்டு யாராவது ஜெயிலுக்குப் போனால் அவர்கள் பிள்ளைகளை மற்றவர்கள் வளர்ப்பது என்றும் எழுதிக்கொண்டார்கள். பின்னால் அதே முறையை நாடு முழுக்க அரசே கொண்டுவந்தது.

சரி, பட்டா அரசின் பேரில் இருந்தால் போதுமா? நம்ம மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தைப் பாருங்கள். 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருடக் குத்தகைக்குத் தனியார் கம்பெனி எடுத்த மலை அது. ஜமீன் ஒழிப்புக்குப் பிறகு நிலம் அரசுக்கு வந்தது, குத்தகை மட்டும் அப்படியே ஓடியது. கொழுந்து பறித்தவர்களுக்கு இதில் என்ன மாறியது? 1999 ஜூலை 23 அன்று கூலிக்காகக் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் வந்தார்கள். போலீஸ் தடியடியில் ஆற்றில் இறங்கியவர்களில் 17 பேர் தாமிரபரணியில் பிணமானார்கள். பத்திரம் யார் பேரில் என்பது பாதிக் கேள்விதான்.

முக்கூடல், பீடி சுற்றும் தொழிலாளி: கம்பெனியை அரசாங்கமே எடுத்துக்கிட்டா எங்களுக்கு நல்லதுதானே அண்ணாச்சி?

அக்கா, உங்கள் தொழிலை வைத்தே மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ் இதற்குப் பதில் எழுதியிருக்கிறார். ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில் அரசு எதையாவது எடுத்துக்கொண்டாலே சோசலிசம் என்று சிலர் பேசினார்கள். புகையிலைத் தொழிலை அரசு எடுப்பது சோசலிசம் என்றால் பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியனையும் ஆஸ்திரிய மன்னராட்சியின் மந்திரி மெட்டர்னிச்சையும் சோசலிசத்தின் ஸ்தாபகர்களாகச் சேர்க்க வேண்டியதுதான் என்று அவர் கிண்டலடித்தார்.

நீங்கள் சுற்றிக் கொடுத்த பீடியைச் சரியில்லை என்று கடையில் கழித்துப் போடுகிற ஆள் கம்பெனி ஆளாக இருந்தால் என்ன, அரசு ஆளாக இருந்தால் என்ன? எதைக் கழிக்கலாம், ஆயிரம் பீடிக்கு என்ன கூலி, லாபம் எங்கே போகிறது என்பதில் உங்களுக்குப் பேச்சு உண்டா என்பதே கேள்வி. 1966இல் பீடித் தொழிலாளர் சட்டம் வந்தது. கேரளத்தில் அதை அமல்படுத்தப் போனபோது முதலாளிகள் கடையை மூடிவிட்டுப் போனார்கள். வேலை போனவர்கள் 1969இல் கண்ணூரில் தினேஷ் பீடி என்று கூட்டுறவு தொடங்கினார்கள். அப்போது முதலமைச்சராக இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஈ.எம்.எஸ்.ஸின் அரசு கைகொடுத்தது. அவர்களும் சந்தையில்தான் விற்றார்கள், ஆனால் பீடி சுற்றியவர்களே நிர்வாகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சோசலிசத்தின் வாடை எனக்கு அங்கேதான் கொஞ்சம் அடிக்கிறது.

டவுன், கடைக்காரர்: சந்தை இருந்தாலே தப்பு என்றால் என் கடையையும் மூடச் சொல்வீர்களா?

அண்ணாச்சி, நிம்மதியாக வியாபாரம் பாருங்கள். மேலப்பாளையம் சந்தையில் ஆடு விற்பதால் அது முதலாளித்துவம் ஆகிவிடாது. ரஷ்யாவில் லெனினே 1921இல் சில்லறை வியாபாரத்தைத் திறந்துவிட்டு, பெரிய தொழிலையும் வங்கியையும் கையில் வைத்துக்கொண்டார். சீனாவிலும் பெரிய வங்கிகள் அரசுடையவை. ஆனால் நகரத்து வேலைகளில் 80 சதவீதத்துக்கு மேல் தனியார் துறையில் என்று சீன அரசே சொல்கிறது. 2002இலிருந்து தனியார் முதலாளிகளும் கட்சியில் சேரலாம். கடை இருப்பது ஒன்று, ஊர்ப் பிழைப்பே கடைக்காரர் கையில் இருப்பது வேறு.

விக்கிரமசிங்கபுரம், ஓய்வுபெற்ற மில் தொழிலாளி: அங்கே சங்கம் வைக்கலாமா? ஸ்டிரைக் பண்ணலாமா?

நான் எதிர்பார்த்த கேள்வி. அனுமதி பெற்றது ஒரே சம்மேளனம், அதுவும் கட்சியின் கீழ். வேலைநிறுத்த உரிமை முன்பு அரசியல் சட்டத்தில் இருந்தது. 1982இல் எடுத்துவிட்டார்கள், முதலாளிகளை வரவேற்ற அதே காலத்தில்! 2018இல் ஷென்ஜென் நகரத்து வெல்டிங் எந்திரத் தொழிற்சாலையில் தொழிலாளர்கள் சொந்தச் சங்கம் கட்டப் பார்த்தார்கள். துணைக்குப் போன பல்கலைக்கழக மாணவர்கள் மார்க்சியம் படித்தவர்கள். அவர்களையும் பிடித்து அடைத்தார்கள். 1908இல் தூத்துக்குடி கோரல் மில் ஸ்டிரைக்கை முன்னின்று நடத்திய வ.உ.சி.யை வெள்ளைக்காரன் சில நாளில் கைது செய்தான். அவன் தன்னைத் தோழர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. என் 'இல்லை'க்கு முக்கியக் காரணம் இதுதான்.

அம்பாசமுத்திரம்: கோடிக்கணக்கான பேரை வறுமையிலிருந்து தூக்கினார்களே, அது போதாதா?

பெரிய சாதனை, மறுப்பவன் கண்ணை மூடிக்கொண்டவன். நாற்பது வருடத்தில் ஏறக்குறைய 80 கோடிப் பேர் என்று உலக வங்கி கணக்கிட்டது. ஆனால் தென்கொரியாவும் தைவானும் வறுமையை விரட்டின. அவற்றைச் சோசலிசம் என்று யாரும் சொல்லவில்லையே. கிராமத்திலிருந்து நகரத்துக்கு வேலைக்குப் போனவரின் பிள்ளைக்கு அங்கே பள்ளியில் இடம் கிடைக்க, குடும்பப் பதிவு எந்த ஊரில் இருக்கிறது என்று பார்க்கிற நாடு சீனா.

வள்ளியூர்: வியட்நாம்?

1986இல் அதே பாதை. 'சோசலிசத் திசையிலான சந்தைப் பொருளாதாரம்' என்கிறார்கள். திசை என்று மட்டும் சொன்னார்கள், ஊர் வந்துவிட்டதாகச் சொல்லவில்லை. பெயர் வைத்தவருக்குக் கொஞ்சம் மனசாட்சி இருந்திருக்கிறது.

மறுபடி முக்கூடல்: அண்ணாச்சி, அந்தத் தினேஷ் பீடியில இப்ப ஆள் எடுக்காங்களா?

கண்ணூருக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள் அக்கா. பீடி பிடிப்பவர்கள் குறைந்து அங்கேயும் வேலை சுருங்கிவிட்டது. குடையும் சாப்பாட்டுப் பொருளும் செய்து சமாளிக்கிறார்கள்.