றம்பொடை இறக்கத்தில் பிரேக் மிதி கீழே போவது

அநேகமாகப் பிரேக் ஒயில் கொதிக்கிறது. நுவரெலியாவில் லொறியில் மரக்கறி ஏற்றி இறங்கும்போது றம்பொடை தாண்டியதும் மிதி பஞ்சு போல அமுங்குகிறது, கம்பளை கராஜில் ‘ஒன்றுமில்லை’ என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறிய பிறகு பார்த்தால் ஒன்றும் இருக்காதுதான்.

டொட் 3 (DOT 3) வகைப் பிரேக் ஒயில் புதிதாக இருந்தால் குறைந்தது 205 பாகை செல்சியஸ் தாங்கும். ஈரம் உறிஞ்சிப் பழசானால் அது 140 வரை இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவி. மிதித்தாலும் அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது.

1. ஒயிலை முழுதாக மாற்றி, பிரேக் குழாய்களில் உள்ள காற்றையும் எடுக்கச் சொல்லுங்கள். மேலே ஊற்றி நிரப்புவது போதாது.
2. பிறகு வெறும் லொறியோடு, ஏறும்போது கேட்ட அதே கியரில் இறங்கிப் பாருங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களை நம்பவே வேண்டாம். மிதி அமுங்காமல் நின்றால் காரணம் ஒயில் கொதித்ததாகவே இருக்கலாம்.

இறங்கிப் பார்க்கும் முன் ஒன்று: எஞ்சின் ஓட, ஆறிய நிலையிலேயே மிதியை அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் (மிதியின் அழுத்தத்தை ஒயிலுக்குக் கொடுக்கும் பாகம்) சீல் போயிருக்கலாம். சரிசெய்யாமல் இறக்கத்துக்கு எடுக்காதீர்கள்.

அப்புறம், புகையும் பிரேக் டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிப்பு விழும்.