குரல்நாண் நீண்டால் சுருதி ஏறுமா, இறங்குமா?

ஆண்களுக்குக் குரல்நாண்கள் நீளமாக இருப்பதால்தான் குரல் தாழ்ந்திருக்கிறது என்கிறார்கள். மேல்ஸ்தாயியில் பாடும்போது அதே நாண்கள் நீள்கின்றன என்றும் சொல்கிறார்கள், எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரிதான். முன்னது ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு. பின்னது ஒரே தொண்டைக்குள் நிகழும் மாற்றம்.

பேச முனையும்போது குரல்வளைக்குள் இரு நாண்களும் நெருங்கி வழியை அடைக்கின்றன. நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றைத் தள்ளித் திறக்க, அவை தம் மீள்தன்மையாலும் காற்றோட்டத்தாலும் மீண்டும் மூடிக்கொள்ள, இது விநாடிக்கு எத்தனை முறை நிகழ்கிறதோ அதுவே சுருதியாகிறது. சாதாரணப் பேச்சில் ஆணுக்கு இந்த எண்ணிக்கை ஏறக்குறைய 120, பெண்ணுக்கு 200. பதின்பருவத்தில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனால் குரல்வளை பெருத்து, நாண்கள் நீண்டு தடிப்பதால் பையன்களுக்குக் குரல் உடைகிறது.

ஆனால் 1 கட்டையில் (மேற்கத்திய 'C'-யை ஆதார ஸட்ஜமாகக் கொண்டு) பாடும் ஆண், மேல் ஸட்ஜத்தை, அதாவது ஆதார ஸட்ஜத்தைப் போல் இரு மடங்கு அதிர்வெண் கொண்ட ஸ்வரத்தைத் தொடும்போது அவருடைய நாண்கள் விநாடிக்கு ஏறக்குறைய 260 முறை அதிர்கின்றன. பெண்ணின் நாண்களைவிட நீளமான நாண்கள், அந்தப் பெண்ணின் பேச்சுக்குரலைவிட உயரத்தில் ஒலிக்கின்றன. இதற்குக் காரணம் இழுவிசை. வீணைத் தந்திக்கான சூத்திரத்தையே இங்கும் தோராயமாகப் பொருத்தினால், நாண் கால் பங்கு நீண்டும் அதிர்வெண் இரட்டிக்க வேண்டுமென்றால், அதன் தகைவு (குறுக்குவெட்டின் ஓர் அலகுப் பரப்புக்கான இழுவிசை) ஆறு மடங்குக்கும் மேல் கூட வேண்டும். நாணின் இழைகள் இழுக்க இழுக்க மிக வேகமாக விறைப்பவை என்பதால் அது இயல்கிறது. நீளத்தால் இறங்க வேண்டிய சுருதியை விறைப்பு விஞ்சிவிடுகிறது.

இதைத் தொட்டே அறியலாம். தொண்டையின் சங்குக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு பள்ளமும், அதற்கடியில் வளையம் போன்ற குருத்தெலும்பும் தட்டுப்படும். பள்ளத்தில் விரலை மெதுவாக வைத்து, கீழிருந்து மேலாக அகாரத்தை இழுத்துப் பாடினால் பள்ளம் குறுகுவது தெரியும். அங்குள்ள தசை சுருங்கி, மேலே சங்காகத் தெரியும் குருத்தெலும்பையும் கீழேயுள்ள வளையத்தையும் முன்புறத்தில் நெருங்கச் செய்கிறது. அப்போது முன்பின்னாகக் கட்டப்பட்ட நாண்கள் இழுபடுகின்றன.

அந்தத் தசைக்கான நரம்பு தைராய்டு சுரப்பியை ஒட்டியே செல்கிறது. தைராய்டு அறுவை சிகிச்சையில் அதற்குக் காயம் நேர்ந்தால், பேச்சு பெரும்பாலும் வழக்கம்போலவே இருந்தாலும் மேல்ஸ்தாயி எட்டாமல் போகலாம். ஆகவே பாடகர்கள் தம் தொழிலை அறுவை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.